எதிர்வீட்டுக் கூழ்

சேலம் குகையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். ஆடி பிறந்தால் எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்குப்போசி நிறையக் கூழ் கொண்டுவந்து கொடுப்பார், கூடவே சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். மாரியம்மனுக்கு ஊற்றிய கூழ். தொடவே கூடாது என்கிறார் இவருடைய பாஸ்டர். அரிசிபாளையத்தில் இருக்கும் கத்தோலிக்க நண்பனோ, "கிறிஸ்து நம்மள விடுதலையாக்கிட்டாரு, கூழ் வெறும் கூழ்தான், குடிடா" என்கிறான். தம்பியின் கோபம் கூழைப் பற்றியது மட்டும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை விடுதலை விடுதலை என்று பாடுகிறோம், திங்கட்கிழமையிலிருந்து அது கூடாது, இது கூடாது. பொறுப்பு என்று சொல்லி மறுபடியும் கயிற்றைக் கட்டுவதற்குப் பெயர் விடுதலையா?" என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அம்மா மூன்று வருடம் முன்புதான் ஞானஸ்நானம் எடுத்தார், அதற்கு முன்பு அதே கோயிலில் வருடம் தவறாமல் தீச்சட்டி எடுத்தவர்.

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் போதகர் இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியன், ஞாயிறு பள்ளியில் பல வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். அதனால் சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் 5:13ஐ நம் பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் பாருங்கள்: "சகோதரரே, நீங்கள் சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள், இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்." சுயாதீனம் என்றால் சுய ஆதீனம். ஆதீனம் என்பது ஒருவருடைய பிடியில், நிர்வாகத்தில் இருப்பது. ஆக, நேற்று வரை வேறொருவன் கையில் இருந்த சாவி இன்று உங்கள் கையில். சாவி கைக்கு வந்த வீட்டில் ஓடு ஒழுகினால் யாரைக் கூப்பிடுவார்கள்? வாடகைக்கு இருந்தவரை அது நம் கவலை இல்லை. இன்னொன்று, "ஊழியஞ்செய்யுங்கள்" என்று மென்மையாக வந்திருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ளது அடிமையாயிருத்தலைக் குறிக்கும் வினை. கத்தோலிக்கரும் படிக்கிற திருவிவிலியத்தில் "அன்பின் அடிமைகளாய்" என்றே இருக்கும். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் அடிமை நுகத்தை மறுபடி போட்டுக்கொள்ளாதே என்று சொன்ன பவுல், பன்னிரண்டு வசனம் தள்ளி ஒருவருக்கொருவர் அடிமையாயிருங்கள் என்கிறார். மறதியில் எழுதியது இல்லை.

மீட்பு என்ற சொல்லும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டை அடகுக் கடைக்குப் போய் வட்டியும் முதலும் கட்டி "நகையை மீட்டாச்சு" என்று வீட்டுக்கு வருகிறோமே, அதே மீட்பு. மீட்ட சங்கிலியைக் கடை வாசலில் வீசிவிட்டு யாரும் வருவதில்லை. அது உடையவர் கழுத்துக்குத்தான் திரும்ப வரும். "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்" என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார். எகிப்தை விட்டு வந்தவர்களுக்குச் சீனாயில் கொடுத்த பத்துக் கட்டளையும் "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின" என்றுதான் தொடங்கும். விடுதலை முதலில் வந்தது, கட்டளை பின்னால் வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கட்டளையை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் விடுதலை கிடைக்கும் என்று போதிக்கிறார்களே, அந்த இடத்தில் உங்கள் கோபம் நியாயம்.

சரி, கூழுக்கு வருவோம். உங்கள் எதிர்வீட்டுப் பிரச்சினை ஏறக்குறைய அப்படியே கொரிந்துவில் வந்திருக்கிறது. பவுல் அங்கே ஒன்றரை வருடம் இருந்தார், பிறகு எபேசுவிலிருந்து கி.பி. 55 வாக்கில் கொரிந்தியருக்கு முதல் கடிதத்தை எழுதினார். கொரிந்து கோயில் ஊர். பலியிட்ட இறைச்சியில் ஒரு பங்கு பூசைக்கு, ஒரு பங்கு அங்கேயே விருந்துக்கு, மிச்சம் கறிக்கடைக்கு. தேமேத்தர் என்ற பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி, சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடும் திண்ணைகளோடு, பவுலுக்கு முந்திய காலத்து உணவு அறைகளை வரிசையாக அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். கல்யாணம், பிறந்த நாள், சங்கக் கூட்டம் எல்லாம் கோயில் விருந்தாகவும் நடக்கும். சபையில் படித்தவர்கள் ஒரு கட்சி: விக்கிரகம் என்று ஒன்றும் இல்லை, ஒரே தேவன், ஆகவே கறி வெறும் கறி. உங்கள் அரிசிபாளையம் நண்பன் அந்தக் கட்சி. இன்னொரு பக்கம் நேற்று வரை அந்தக் கோயிலில் கும்பிட்டவர்கள். அவர்களுக்கு அந்தக் கறியின் வாசனையே பழைய சாமியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

பவுல் என்ன சொன்னார்? கொள்கை அளவில் முதல் கட்சி சொல்வது சரி என்று ஒத்துக்கொள்கிறார். பலரும் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, ஒருவர் விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைத்ததைச் சாப்பிடு என்று பச்சையாகவே எழுதுகிறார். ஆனால் கோயில் பந்தியிலேயே போய் உட்காருவதற்கு மட்டும் பத்தாம் அதிகாரத்தில் கடுமையான தடை. இதற்கு நடுவே இருப்பதுதான் எட்டாம் அதிகாரம்: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்." உன் அறிவு சரி தம்பி, ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்தாயா? இதுதான் அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பல வருடம் முன்பு நாங்கள் ஏற்காட்டில் குடியிருந்தோம். கிறிஸ்மஸுக்கு வீட்டில் திராட்சை வைன் போடுவோம். பன்னீர் திராட்சையைக் கழுவித் துடைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி இருட்டு மூலையில் வைத்து, தினம் ஒரு தரம் மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து வடிகட்டினால் வீடே மணக்கும். ஒரு பெரிய தட்டில் கேக் துண்டுகளை அடுக்கி, சின்னக் கண்ணாடி டம்ளர்களில் வைனை ஊற்றி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்போம். அது எங்களுக்குப் பெருமை.

அந்த வருடம் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர். பெருங்குடிகாரராக இருந்து, விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழம் பறிக்கிற சீசன், காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பிங் வேலையை முடித்துக் கைகழுவிவிட்டு அப்படியே வந்திருந்தார், விரல் இடுக்கில் பழத்தோலின் கறை. டம்ளரை நீட்டினேன். "வேண்டாங்கய்யா" என்றார். நான் விடவில்லை. "அட, இது வீட்டுல போட்டது. கானாவூர் கலியாணத்துல இயேசுவே தண்ணிய ரசமாக்கினாரு. நமக்கு சட்டம் கிடையாதுப்பா, நாம விடுதலையானவங்க" என்று ஒரு குட்டிப் பிரசங்கமே வைத்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலி டம்ளர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புது வருட ஆராதனைக்கு அவர் வரவில்லை. அப்போது நான் ஒரு கல்யாணத்துக்காகச் சேலத்தில் இருந்தேன். டவுனிலிருந்து திரும்பி மலையேறும் பஸ்ஸில்தான் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் சொன்னார்: மறுபடி ஆரம்பித்துவிட்டாராம், வாரக்கூலி வீட்டுக்குப் போகவில்லையாம், மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாளாம். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் எங்கள் பஸ் திணறிக்கொண்டு ஏறுகிறது. மேலேயிருந்து ஒரு கார் வந்தது. மலைப்பாதையில் ஒரு விதி உண்டு, ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம், பின்னால் உருளவும் கூடும். இறங்குகிறவனுக்குப் பிரேக்கை அழுத்தினால் போதும். அந்தக் கார்க்காரர் ஓரமாக ஒதுங்கி நின்றார். எங்கள் டிரைவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த மனிதரின் முன்னால் நான் சரசரவென்று இறங்கி வந்து, எனக்கும் இந்த ரோட்டில் உரிமை உண்டு என்று நின்றிருக்கிறேன். உரிமை இருந்தது உண்மைதான்.

போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னங்கய்யா பண்ணுவீங்க, நான்தான் பலவீனமானவன்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மீண்டு வர அவருக்கு நான்கு வருடம் பிடித்தது, அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் வைன் போடுவதில்லை. வைன் பாவம் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, போடுகிற வீடுகளில் கொடுத்தால் ஒரு வாய் குடிப்பதும் உண்டு. ரோமர் 14:21இல் "மதுபானம்பண்ணுகிறதும்" என்று பவுல் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார், சகோதரன் இடறுவான் என்றால் அதைச் செய்யாமலிருப்பதே நல்லது என்று. நூறு தடவை படித்திருப்பேன்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வரலாம்: இது மறுபடியும் கயிறு இல்லையா? யார் கட்டியது என்று பாருங்கள். என் வீட்டு ஜாடியை யாரும் உடைக்கவில்லை, எந்தச் சபையும் தீர்மானம் போடவில்லை. நானாக எடுத்து உள்ளே வைத்தேன், நாளைக்கே வெளியே எடுக்கவும் எனக்கு முடியும். ஒன்றை விட முடியாதவனுக்கு அது உரிமையா, பழக்கமா என்று அவனுக்கே தெரியாது. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற வரியில் பவுல் தன் அதிகாரத்தின் மேலேயே தனக்கு அதிகாரம் உண்டு என்கிறார். தமிழில் பொறுப்பு, பொறுமை, பொறுத்தல் எல்லாம் ஒரே வேர், பொறு. சுமப்பது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் ஆறாம் அதிகாரம் சொல்வதும் இதையே. பிறர் கேட்டால் பதில் சொல்வது பொறுப்பின் ஒரு பகுதிதான். கேட்காமலே தோள் கொடுப்பது மீதி.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்கள் பாஸ்டர் பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும். இடறுவது வேறு, முகம் சுளிப்பது வேறு. பலவீனன் என்று பவுல் சொல்வது, உங்களைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக நடந்து உடைந்து போகக் கூடியவனை. முப்பது வருடமாகச் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் பூ வைத்தாள், யார் படம் பார்த்தான் என்று கணக்கு எடுப்பவர் பலவீனர் இல்லை, நல்ல பலசாலி. அவர் இடறப் போவதில்லை, உங்களைத்தான் இடறச் செய்வார். பவுல் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறார். தன் உடன் ஊழியர்களில் தீமோத்தேயுவுக்கு, யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்வித்தார், அந்தப் பகுதி யூதர்களை முன்னிட்டு. தீத்துவுக்கு மறுத்துவிட்டார். ஒரே மனிதர், ஒரே சடங்கு, இரண்டு முடிவு. தீத்து விஷயத்தில் சிலர், இது இல்லாவிட்டால் இரட்சிப்பே இல்லை என்ற தொனியில் நெருக்கினார்கள். அங்கே ஒரு நாழிகைகூட இணங்கவில்லை என்று அவரே எழுதுகிறார். உங்கள் பாஸ்டர் "அம்மாவுக்காக யோசித்துச் செய்யப்பா" என்று சொன்னால் கேளுங்கள். "கூழைத் தொட்டால் பரலோகம் போக மாட்டாய்" என்றால், மரியாதையாக, கேட்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு அந்தியோகியாவில் நடந்தது, அதுவும் சாப்பாட்டுப் பந்தியில்தான். புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து தனியாக ஒதுங்கினார். பர்னபாவும் கூடப் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்டார். "சிலர் மனம் நோகும்" என்ற காரணம் அங்கே செல்லவில்லை, ஏனென்றால் அந்த ஒதுங்கலில் அவமானப்பட்டவர்கள் எளியவர்கள். நம் ஊர் கதைக்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, முற்றிலும் விட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, இது வெறும் சமூக வழக்கம், விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். இன்றைக்கும் கூழைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கிக்கிற நம் சபைகளில், பெண் பார்க்கும்போது மட்டும் சாதி விசாரிப்பதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? எனக்கு அந்த எண்ணிக்கை விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறது. பக்கம் மாறிப் போகிறேன், விடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். நீங்கள் பாஸ்டரைக் கேட்டீர்கள், நண்பனைக் கேட்டீர்கள், என்னைக் கேட்டீர்கள். அம்மாவைக் கேட்டதாக எழுதவில்லை. உங்களுக்கு அது கேழ்வரகு மாவும் நொய்யும் மோரும். அவருக்கு அது வெறும் வயிற்றோடு நின்ற வெள்ளிக்கிழமைகள், வேப்பிலை, கையில் சுட்ட சட்டி. சாமி வேஷம் கட்டிய வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கை அன்று ஊரே தெருவில் நிற்கும்போது அவர் ஜன்னலைச் சாத்துகிறாரா, எட்டிப் பார்க்கிறாரா, அதுகூட ஒரு பதில்தான். இரண்டு விதமாகவும் இருக்கலாம். அந்தப் பயமெல்லாம் போய்விட்டது, எதிர்வீட்டுக்காரி அன்பாகக் கொடுத்தது என்று அவரே ஒரு சொம்பு குடிக்கக்கூடும். அப்போது உங்கள் வீட்டில் பலசாலி அவர்தான், நீங்கள் அவரைக் காப்பாற்றப் போக வேண்டாம். இல்லை, அந்தப் போசியைப் பார்த்தாலே அவருக்கு உள்ளே ஏதோ ஆகிறது என்றால், அவர் முன்னால் நீங்கள் குடிக்காதீர்கள். உங்களுக்குக் கூடாது என்பதற்காக இல்லை. என் வீட்டு டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும். அவர் குடிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாய் எண்ணாதிருப்பானாக" என்பதற்கு மறுபாதியும் உண்டு, இரண்டும் ஒரே வசனம்.

எதிர்வீட்டு அக்காவும் இந்தக் கணக்கில் இருக்கிறார். "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவரை முன்னிட்டுச் சாப்பிடாதே என்று பத்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் வரும், பாஸ்டர் அதைத்தான் எடுப்பார். நியாயமான வசனம். ஆனால் அதை வைத்துக்கொண்டு வாசலிலேயே அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பச் சொல்லி எங்கேயும் எழுதியில்லை. போசியை இரண்டு கையாலும் வாங்குங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளில் எந்த மதத்துக்கும் பொது, திருப்பும்போது நாலு வாழைப்பழமாவது வையுங்கள். மனதில் இருப்பதை அவரிடம் சொல்லவும் சொல்லலாம். நாம் நினைக்கிற மாதிரி அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

மலையை விட்டு இறங்கி அஸ்தம்பட்டிக்கு வந்த புதிதில் எங்களுக்கும் இப்படி ஒரு பக்கத்து வீடு அமைந்தது. முதல் வருடம் என் மனைவி தயங்கித் தயங்கி, "படைச்சது நாங்க எடுத்துக்க மாட்டோம்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் போனார். எங்களுக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. அடுத்த ஆடியில் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். குளித்த ஈரத் தலையோடு, கையில் போசியோடு நிற்கிறார். "இன்னும் கோயிலுக்குப் போகல. சாமிக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா மொண்டு வச்சுட்டேன், பசங்களுக்குக் குடுங்க" என்றார்.